விரலா, தந்தியா?

மூன்று வாரமாக எங்கள் வீட்டு ஹாலில் ஒரு பேஸ் கிடார் சுவரோடு சாய்ந்து கிடந்தது. மகள் பதினொன்றாம் வகுப்பு. பள்ளி இசைக் குழுவில் பேஸ் வாசித்துக்கொண்டிருந்த பையனின் அப்பாவுக்கு டெல்லியிலிருந்து மாற்றலாகிவிட, அந்த இடம் இவளுக்கு வந்தது. ஆண்டு விழாவுக்கு நான்கு மாதம் இருந்தது. யாரோ வாசித்துவிட்டுப் போட்ட பழைய கிடார் ஒன்றைத் தேடிப் பிடித்து வாங்கிக் கொடுத்தேன். முதல் வாரம் தினமும் இரண்டு மணி நேரம் வாசித்தாள். இரண்டாவது வாரம் அரை மணி நேரம். மூன்றாவது வாரம் விரல்களில் பிளாஸ்திரி. பிறகு கிடார் சுவருக்குப் போய்விட்டது.

"வலிக்குதுப்பா" என்றாள்.

தமிழ் அப்பாக்கள் வழக்கமாகச் செய்வதைத்தான் நானும் செய்தேன். பிரசங்கம். "உங்க அத்தை எட்டு வருஷம் வீணை கத்துக்கிட்டா. அவளுக்கு வலிக்கலையா? காய்ச்சுப் போனா சரியாயிடும்." அவள் பதில் பேசவில்லை. இரண்டு கைகளையும் நீட்டினாள். இடது கையில் ஆள்காட்டி விரலிலும் நடு விரலிலும் சிவந்த பள்ளங்கள். வலது ஆள்காட்டி விரல் நுனியில் உடைந்து காய்ந்த கொப்புளம். பிரசங்கம் பாதியில் நின்றது.

சென்னையில் சினிமா ரிக்கார்டிங்குகளில் பல ஆண்டுகள் பேஸ் வாசித்த நண்பர் ஒருவருக்குப் போன் செய்தேன். முழுக் கதையையும் கேட்டுவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: "என்ன தந்தி போட்டிருக்கு?"

தெரியவில்லை என்றேன்.

"அது தெரியாமத்தான் பொண்ணைத் திட்டினீங்களா?"

இந்த வாரப் பத்தி அந்தக் கேள்வியிலிருந்து பிறந்தது. இளையராஜாவின் பாடல்களில் அடியில் ஓடும் அந்தக் கனத்த ஓசையில் மயங்கி பேஸ் கிடார் வாங்கியவர்கள் இந்தியா முழுக்க இருக்கிறார்கள். அவர்களில் எத்தனையோ பேர் வீட்டில் அந்தக் கிடார் இப்போது கட்டிலுக்கு அடியில் இருக்கும். தங்களுக்குத் திறமை இல்லை என்றோ, பொறுமை போதாது என்றோ அவர்கள் நினைத்துக்கொண்டிருப்பார்கள். பல சமயம் குற்றம் தந்தியுடையது.

பேஸ் கிடாருக்கு ஈ, ஏ, டி, ஜி என்று நான்கு தந்திகள். தடித்த ஈ தந்தி விநாடிக்கு சுமார் 41 முறை அதிர வேண்டும். சாதாரண கிடாரின் தடித்த தந்தி அதிர்வதில் இது பாதி. இவ்வளவு மெதுவாக, ஆனால் தொளதொளக்காமல் ஒரு தந்தி அதிர வேண்டுமானால் அது நீளமாகவும் கனமாகவும் இருந்தாக வேண்டும். பள்ளி இயற்பியல் ஆய்வகத்தில் சோனோமீட்டர் பெட்டியில் கம்பியைக் கட்டி எடைக்கற்களைத் தொங்கவிட்டது நினைவிருக்கிறதா? தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அது சுரமானி. அதே விதிதான் இங்கேயும். சாதாரண பேஸ் தந்தி ஒவ்வொன்றிலும் சுமார் 18 முதல் 23 கிலோ எடையைத் தொங்கவிட்ட அளவுக்கு இழுவை இருக்கிறது. நான்கும் சேர்ந்து 80 கிலோவைத் தொடும். இந்த எடை முழுவதையும் விரல் சுமப்பதில்லை. ஆனால் இழுவை கூடக்கூட, தந்தியை மெட்டு வரை அழுத்தத் தேவையான பலமும் கூடுகிறது. வீணையில் மெட்டு என்கிறோமே, கிடார்க்காரர்கள் அதைத்தான் ஃப்ரெட் என்கிறார்கள்.

நண்பர் அடுத்துக் கேட்டது: "எந்த மாதிரி வலி? எரியுதா, அசதியா, இல்ல மூட்டுக்குள்ளே வலிக்குதா?" இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் தந்தி வாங்கப் போகிறவர், காய்ச்சலா வயிற்றுவலியா என்று சொல்லாமல் மருந்துக் கடையில் நிற்பவரைப் போல. மூன்று வலிக்கும் மூன்று வேறு காரணங்கள்.

எரிச்சல் தோலின் வலி. தந்தியின் மேற்பரப்பு அதற்குக் காரணம். பேஸ் தந்தி என்பது ஒரு எஃகுக் கம்பியின் மேல் இன்னொரு கம்பியைச் சுற்றியது. சுற்றும் கம்பி உருண்டையாக இருந்தால் அது ரவுண்ட்வுண்ட். விரலை அதன்மேல் இழுத்துப் பாருங்கள், அரத்தின் மேல் இழுப்பது போலிருக்கும். பட்டையான நாடா போன்ற உலோகத்தைச் சுற்றினால் ஃப்ளாட்வுண்ட். கண்ணாடி மாதிரி வழுக்கும். இரண்டுக்கும் நடுவே, உருண்டைக் கம்பியைச் சுற்றிவிட்டு மேற்பரப்பை மட்டும் தேய்த்துச் சமப்படுத்தும் ரகமும் உண்டு. நான்காவது வகை, உலோகச் சுற்றின் மேல் நைலான் நாடா சுற்றியது. பெரும்பாலும் கறுப்பாக இருக்கும். விரலில் உலோகமே படாது.

இதில் ஒரு சிறு வரலாறு இருக்கிறது. அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் 1951இல் பிரிசிஷன் பேஸை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, ஆள் உயர டபுள் பேஸைத் தூக்கிக்கொண்டு அலைந்த கலைஞர்களுக்கு அது பெரிய விடுதலை. அந்தக் காலத்து எலெக்ட்ரிக் பேஸ்களில் பெரும்பாலும் வழவழப்பான ஃப்ளாட்வுண்ட் தந்திகளே இருந்தன. பியானோவின் அடித் தந்திகளைப் போல கணீரென்ற ஓசை வேண்டும் என்று விரும்பிய 'தி ஹூ' குழுவின் ஜான் என்ட்விசில், 1966இல் இங்கிலாந்தின் ரோட்டோசவுண்ட் நிறுவனத்தோடு சேர்ந்து ரவுண்ட்வுண்ட் பேஸ் தந்தியை உருவாக்கினார். ராக் இசையின் ஓசையே அதன் பிறகு மாறியது. இன்று கடையில் தொங்கும் புதிய பேஸ்களில் பெரும்பாலானவற்றில் இருப்பது இந்தச் சொரசொரப்பான ரகம்தான். பளிச்சென்ற ஓசைக்கு உலகம் கொடுத்த விலையில் ஒரு பகுதியை உங்கள் மகனோ மகளோ விரல் தோலில் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

ரவுண்ட்வுண்டிலும் தாரதம்மியம் உண்டு. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சுற்றியவை அதிகக் கடினம், அதிகச் சொரசொரப்பு. நிக்கல் பூசியவை கொஞ்சம் மென்மை. மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு கொடுத்த தந்திகள் இன்னும் வழுக்கும். காதில் கவரிங் கம்மல் போட்டால் அரிக்கிறது, கைக்கடிகார வார் பட்ட இடம் தடிக்கிறது என்கிற ரகத்தைச் சேர்ந்தவர்களுக்கு வாசித்த பிறகு விரல்களில் அரிப்பும் தடிப்பும் வந்தால் அது நிக்கல் ஒவ்வாமையாக இருக்கலாம். அவர்களுக்கு நைலான் நாடா தந்தி நல்லது.

இரண்டாவது வலி, அசதி. பத்து நிமிடம் வாசித்ததும் கை தளர்ந்துபோவது. இதற்குக் காரணம் மேற்பரப்பு இல்லை, இழுவை. இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். "ஃப்ளாட்வுண்ட் போட்டால் விரலுக்குச் சுகம்" என்று யாரோ சொல்ல, விலை உயர்ந்த செட்டை வாங்கி மாட்டுவார்கள். தோல் எரிச்சல் போய்விடும், கை அசதி முன்னைவிடக் கூடிவிடும். காரணம், பல ஃப்ளாட்வுண்ட் தந்திகள் விறைப்பானவை, இழுவை அதிகம். வழவழப்பு வேறு, இளக்கம் வேறு. இரண்டும் சேர்ந்து வேண்டுமென்றால் இழுவை குறைந்த ஃப்ளாட்வுண்ட் என்று கேட்டு வாங்க வேண்டும். வியன்னாவின் தோமாஸ்டிக் இன்ஃபெல்ட் நிறுவனத்தின் ஜாஸ் ஃப்ளாட்ஸ் அதற்குப் பெயர் போனது. விலையும் அப்படியே. ஆனால் ஃப்ளாட்வுண்ட் ஒருமுறை போட்டால் ஆண்டுக்கணக்கில் வரும். ரவுண்ட்வுண்டின் பளபளப்பான ஓசை சில வாரங்களிலேயே மங்கத் தொடங்கிவிடும்.

இழுவையைக் குறைக்க எளிய வழி மெல்லிய தந்தி. பாக்கெட்டில் 45-105 என்பது போல எண்கள் போட்டிருக்கும். ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற கணக்கில், மெல்லிய தந்தியின் விட்டமும் தடித்த தந்தியின் விட்டமும் அவை. 45-105 பரவலாக விற்கும் அளவு. 45-100 கொஞ்சம் இலேசு. 40-95 நன்றாகவே இலேசு. எண்ணில் பத்துதானே வித்தியாசம் என்று தோன்றும். ஆனால் தந்தியின் எடை விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 105ஐ விட்டு 95க்கு வந்தால் இழுவை தோராயமாக ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். விரலுக்கு இது நன்றாகவே தெரியும்.

காசே செலவில்லாத இன்னொரு வழி, எல்லாத் தந்தியையும் அரைச் சுரம் இறக்கிக் கட்டுவது. கணக்குப் போட்டால் இழுவை 11 சதவீதம் குறைகிறது. குழுவோடு வாசிக்கும்போது இது ஒத்துவராது. வீட்டில் தனியாகப் பயிற்சி செய்யும் முதல் இரண்டு மாதத்துக்குத் தாராளமாகச் செய்யலாம்.

இன்னும் கிடாரே வாங்காதவர்களுக்கு, குறிப்பாகச் சின்னக் கைக்காரர்களுக்கு, ஒரு யோசனை. வழக்கமான பேஸில் தந்தியின் அதிரும் நீளம் 34 அங்குலம். 30 அங்குலம் உள்ள குட்டை ரகமும் உண்டு. பால் மெக்கார்ட்னியின் பிரபலமான வயலின் வடிவ ஹாஃப்னர் பேஸ் அந்த ரகம். அதே தந்தி, அதே சுருதி, ஆனால் 22 சதவீதம் குறைந்த இழுவை. முதல் நான்கு மெட்டுகளைக் கடக்க நீளமான பேஸில் 17.8 சென்டிமீட்டர் பயணம் என்றால் இதில் 15.7. குட்டை என்பதால் பொம்மை என்று நினைக்க வேண்டாம். பீட்டில்ஸ் காலத்து உலகம் அதைக் கேட்டுத்தான் ஆடியது. ஒன்றே ஒன்று, அதற்கென்று விற்கும் குட்டைத் தந்தியைத்தான் வாங்க வேண்டும்.

இனி எங்கள் வீட்டுக் கிடாருக்கு வருகிறேன். பாக்கெட் இல்லாததால் மகள் தன் வெர்னியர் அளவியை எடுத்து வந்து அளந்தாள். தடித்த தந்தி கிட்டத்தட்ட 2.7 மில்லிமீட்டர். அதாவது 105. மெல்லியது 1.14. அதாவது 45. சாதாரண செட்தான். ஆனால் பழைய சொந்தக்காரரின் வியர்வையில் துருவேறி, சொரசொரப்பு இரட்டிப்பாகியிருந்தது. கடலோர ஊர்களில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். சென்னை, மும்பைக்காரர்கள் வாசித்து முடித்ததும் பழைய வேட்டித் துணியால் தந்திகளைத் துடைத்து வைப்பது விரலுக்கும் நல்லது, பர்ஸுக்கும் நல்லது.

"பன்னண்டாவது மெட்டுல தந்தி எவ்வளவு உசரத்துல இருக்கு?" என்று கேட்டார் நண்பர். அளந்து பார்த்தால் 4 மில்லிமீட்டர். அவர் சிரித்தே விட்டார். இரண்டிலிருந்து இரண்டரை போதும். தந்தி உயரமாக இருந்தால் உலகத்திலேயே மெல்லிய செட்டைப் போட்டாலும் விரல் நோகத்தான் செய்யும். பாதி நேரம் புதுத் தந்தியே தேவைப்படாது, உயரத்தைக் குறைத்தால் போதும் என்றார். குதிரையில் உள்ள சின்னத் திருகாணிகளால் உயரத்தை ஏற்றி இறக்கலாம். கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியைத் திருகி வளைவைச் சரிசெய்யலாம். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருகக் கூடாது. கழுத்தின் உச்சியில் தந்திகள் உட்காரும் கட்டையில் பள்ளம் ஆழமில்லாமல் இருந்தால் முதல் மெட்டில் அழுத்துவது தண்டனையாகிவிடும். அந்த வேலையைப் பழகிய கை செய்வதே நல்லது. டெல்லி மாதிரி மே மாதம் காய்ந்து ஆகஸ்டில் ஈரமாகும் ஊரில் மரக் கழுத்து வருடம் முழுக்க ஒரே மாதிரி இருக்காது. அதனால் ஆண்டுக்கு ஓரிரு முறை இதைப் பார்க்க வேண்டியிருக்கும்.

மெல்லிய தந்திக்கு மாறும்போதும் இந்த வேலை உண்டு. இழுவை குறைந்ததும் கழுத்து பின்னால் நிமிரும், தந்தி மெட்டில் உரசிக் கரகரக்கும். "தந்தி மட்டம்" என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போக வேண்டாம். கழுத்தைச் சரிசெய்தால் போய்விடும். நைலான் நாடா தந்திகளுக்கு இதற்கு நேர்மாறான சங்கடம். அவை பருமனானவை என்பதால் உச்சிக் கட்டையின் பள்ளத்தில் உட்காராமல் துருத்திக்கொண்டு நிற்கலாம்.

எல்லாம் சரி, வலது கைக் கொப்புளம்? அதற்குக் காரணம் நான்தான் என்று தெரியவந்தது. ஃபிளாட்டில் அக்கம்பக்கத்தார் தொந்தரவாக நினைப்பார்களே என்று ஆம்ப்ளிஃபயர் போடாமல் வாசிக்கச் சொல்லியிருந்தேன். ஓசை காதில் விழாததால் அவள் தந்தியை முழுப் பலத்தோடு இழுத்து அடித்திருக்கிறாள். ஹெட்போன் மாட்டும் சின்னப் பெட்டி ஒன்று வாங்கியதும் விரல் தானாகவே இலேசானது. சத்தத்தை மின்சாரம் தரட்டும், விரல் தர வேண்டியதில்லை. இடது கைக்கும் ஒரு சூத்திரம் உண்டு. மெட்டுக்கு நடுவில் அழுத்தாமல், மெட்டை ஒட்டிப் பின்னால் அழுத்தினால் பாதிப் பலம் போதும். புதிதாகக் கற்பவர்கள் ஐந்தாவது மெட்டிலிருந்து ஆரம்பிப்பதும் நல்லது. இடைவெளி குறைவு, உச்சிக் கட்டையின் எதிர்ப்பும் இல்லை.

பெரியவர்களைக் காட்டிக் குழந்தைகளை மிரட்டுவதில் ஓர் ஆபத்து இருக்கிறது. அமெரிக்காவின் மோட்டவுன் பாடல்களில் 1960களில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், பேஸ் உலகின் பிதாமகர்களில் ஒருவர். அவர் போட்டது தடிமனான லா பெல்லா ஃப்ளாட்வுண்ட். மீட்டியது வலது கையின் ஒற்றை விரலால். அவர் டபுள் பேஸ் வாசித்து முறுக்கேறிய கையோடு எலெக்ட்ரிக் பேஸுக்கு வந்தவர். அவருடைய தந்தியை வாங்கி மாட்டிக்கொண்டால் அவருடைய கை வந்துவிடாது. வீணைக்காரர்களை நான் உதாரணம் காட்டியதும் அரைகுறைதான். அவர்கள்கூட எண்ணெய் தோய்த்த துணியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு விரலைத் தொட்டுத் தொட்டுத்தான் வாசிக்கிறார்கள். என் தங்கையிடம் கேட்டதற்கு, "முதல் வருஷம் அழுதிருக்கேன், உனக்குத்தான் தெரியாது" என்றாள்.

வலியே இருக்கக் கூடாது என்று சொல்ல வரவில்லை. தோல் காய்ப்பதற்கு இரண்டு முதல் நான்கு வாரம் பிடிக்கும். ஒரே மூச்சில் இரண்டு மணி நேரம் வாசிப்பதைவிட, நாளைக்கு நான்கு முறை பதினைந்து நிமிடம் வாசித்தால் காய்ப்பு ஒழுங்காக ஏறும். குளித்த கையோடு, தோல் ஊறியிருக்கும்போது வாசிக்கக் கூடாது. கொப்புளம் வந்தால் அது ஆறும்வரை ஓய்வு.

ஆனால் மூன்றாவது வகை வலி இருக்கிறதே, அதற்கு எந்தத் தந்தியும் மருந்தில்லை. மணிக்கட்டில் வலி, மூட்டுக்குள் குத்தல், கட்டைவிரலிலும் அடுத்த இரண்டு விரல்களிலும் மரமரப்பு, இரவில் கை மரத்துப்போய் விழிப்பு வருவது. இவை தோலின் சங்கதி இல்லை. நரம்பும் தசைநாரும் மனுப் போடுகின்றன. உடனே வாசிப்பதை நிறுத்தி டாக்டரிடம் காட்ட வேண்டும். "காய்ச்சுப் போனா சரியாயிடும்" என்ற என் வசனம் மிகவும் ஆபத்தாக முடியக்கூடிய இடம் இதுதான்.

கடைசியில் என்ன வாங்கினோம்? நான் வழவழப்பான ஃப்ளாட்வுண்டுக்கு ஓட்டுப் போட்டேன். மகள் மறுத்துவிட்டாள். அவர்கள் வாசிக்கப்போகும் பாட்டுக்குக் கணீரென்ற ஓசை வேண்டுமாம். வலி தெரியாமல் இருப்பதற்காகப் பிடிக்காத ஓசையோடு குடும்பம் நடத்த முடியாது என்பது அவள் கட்சி. அதுவும் நியாயம்தான். நிக்கல் பூசிய 40-95 ரவுண்ட்வுண்ட் செட்டில் சமரசம் ஆயிற்று. பழுதுபார்க்கும் கடையில் உயரத்தை இரண்டரை மில்லிமீட்டருக்கு இறக்கித் தந்தார்கள். கிடார் சுவரைவிட்டு வந்து ஒரு மாதமாகிறது. விரல் நுனிகள் இலேசாகத் தடித்திருக்கின்றன. பிளாஸ்திரி டப்பா மருந்து அலமாரிக்குத் திரும்பிவிட்டது.

நேற்று சென்னை நண்பர் போன் செய்தார். "வலி குறைஞ்சுதா?"

குறைந்துவிட்டது என்றேன் பெருமையாக.

"அப்ப இனிமே வலி மேல பழி போட முடியாது. தாளத்தைக் கவனிக்கச் சொல்லுங்க. போன வாரம் அனுப்பின ரிக்கார்டிங்ல ஓடிக்கிட்டே இருந்தது."